நாலு கம்பி

மூன்று வருடமாக நாக்கூசாமல் சொல்லிவந்த பொய் ஒன்று, போன மாதம் கையும் களவுமாகப் பிடிபட்டது.

சொன்னவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவள் கணவன் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவன், மாதம் ஒரு சனிக்கிழமை ராக் பேண்டில், பாட்டுக்கு அடியில் கனத்து ஒலிக்கும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் அவள் முகத்தை மலர வைத்துக்கொண்டு, "இன்னிக்கு உங்க வாசிப்பு சூப்பர்" என்பாள். அவளுக்கு டிரம்ஸ் கேட்கும். பாடகனின் அலறல் கேட்கும். லீட் கிட்டார் காதைப் பிய்க்கும். கட்டிக்கொண்டவன் அந்தக் கூச்சலுக்குள் என்ன வாசிக்கிறான் என்பது மட்டும் ஒரு நாளும் பிடிபட்டதில்லை.

போன மாதமும் அதே சூப்பரைச் சொன்னாள். அவன் ஷூவைக் கழற்றியபடியே, முதல் பாட்டிலேயே தன் ஆம்ப்ளிஃபயர் புகைந்து போய்விட்டதாகவும், மிச்ச எட்டுப் பாட்டுக்கும் சும்மா கம்பியைத் தடவிக்கொண்டு நின்றதாகவும் சொன்னான். கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டுத் தூங்கியிருப்பாள். அவன் சிரித்தான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

நேற்று, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டான்.

"நாளைக்கு ஏதாவது ஒரு பாட்டுல, பாதியில வாசிக்கிறதை நிறுத்திடுவேன். விரல் மட்டும் ஓடிட்டிருக்கும். எந்தப் பாட்டுன்னு நீ சொல்லணும். சொல்லலைன்னா கிட்டாரை வித்துடறேன். யாருக்கும் கேக்காத ஒண்ணை எதுக்கு வாசிச்சிட்டு இருக்கணும்?"

விலைக்குக் கேட்டு ஆளும் வந்தாகிவிட்டது. அந்தக் கிட்டார் இல்லாத மனுஷனை அவள் பார்த்ததே இல்லை. கல்யாணப் பேச்சு எடுத்த அன்றைக்கே அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் வந்து நின்றான்.

இன்றைய நிகழ்ச்சி ஒரு ஃபர்னிச்சர் கடையின் மாடி ஹாலில். மரத்தளம், பிளாஸ்டிக் நாற்காலிகள், நூறு பேர் இருக்கலாம். துணைக்கு நாத்தனாரை இழுத்துக்கொண்டு போயிருந்தாள். வங்கியில் வேலை பார்க்கும் நாத்தனாருக்கு அண்ணன் மேல் பாசம் அதிகம், அண்ணன் வாசிப்பதன் மேல் அவ்வளவாக இல்லை. மற்றவனுக்கெல்லாம் ஆறு கம்பி இருக்க, நம்ம ஆளுக்கு மட்டும் ஏன் நாலு கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவளுடைய நெடுநாள் சந்தேகம்.

முதல் நாலு பாட்டுக்கும் மெக்கானிக் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றும் தேறவில்லை. பல் டாக்டர் ஒருவர்தான் டிரம்ஸ் வாசிக்கிறவர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயில் பொறுமையாக வேலை பார்த்த கடுப்பையெல்லாம் அதில் தீர்த்துக்கொண்டிருந்தார். அந்த அடியில் வேறென்ன கேட்கும்? சவுண்ட் போர்டில் இருந்த ஆளைக் கேட்டு விடையைத் தெரிந்துகொள்ளலாம் என்று நாத்தனார் யோசனை சொன்னாள். ஒரு பொய்யால் பட்ட பாடு போதும் என்று இவள் மறுத்துவிட்டாள்.

ஐந்தாவது பாட்டு ஆரம்பித்தபோது அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். விற்றால் விற்கட்டும், வேறு ஒன்று நாமே வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். பாட்டு கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. முன்வரிசையில் நாலைந்து பேர் எழுந்து ஆடினார்கள். அவள் கால் தன்பாட்டுக்குத் தரையில் தாளம் போட்டது.

இரண்டாவது சரணத்தில் அந்தக் கால் நின்றது.

அவள் நிறுத்தவில்லை. டிரம்ஸ் அப்படியே இருந்தது, பாடகன் அப்படியே அலறினான். ஆனால் பாதத்துக்குக் கீழே ஏதோ இல்லை. பதினாறு வருடமாக லிஃப்டுக்குள் நின்று, மோட்டார் ஓடுகிறதா என்பதைக் காதால் அல்ல, உள்ளங்காலால் தெரிந்துகொள்கிறவள் அவள். யோசிக்கும் முன்பே எழுந்து நின்றுவிட்டாள். ஆடிக்கொண்டிருந்தவர்கள் காரணம் தெரியாமலே தளர்ந்தார்கள், ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார்.

"என்ன அண்ணி, பாட்டு திடீர்னு சப்புனு ஆயிடுச்சு" என்றாள் நாத்தனார்.

மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால், பாதி இருட்டில் நிற்கும் கணவனையே இவள் பார்த்தாள். அவன் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவளைப் பார்த்தான், குனிந்தான், நிமிர்ந்தான். உள்ளங்கால் வழியாக அது திரும்பி வந்து நெஞ்சு வரை ஏறியது. முன்வரிசை மறுபடி ஆடத் தொடங்கியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, இத்தனை நாளும் இதன் மேல்தானா உட்கார்ந்திருந்தோம் என்று.

நிகழ்ச்சி முடிந்து அவன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, கேட்கட்டும் என்று காத்திராமல் அவளே போய்ச் சொன்னாள். "அஞ்சாவது பாட்டு. ரெண்டாவது சரணம்."

"அதுல நான் நிறுத்தலையே."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"கடைசிப் பாட்டுலதான் நிறுத்தறதா இருந்தேன்" என்றான். "அஞ்சாவதுல டாக்டர் கால் பட்டு ஆம்ப் பிளக் கழண்டுடுச்சு. பேண்ட்ல ஒருத்தனுக்கும் தெரியலை. அந்தச் சத்தத்துல எனக்கே தெரியலை. நீ எழுந்து நின்னதைப் பாத்துதான் குனிஞ்சு பாத்து மாட்டினேன்."

"அப்போ கடைசிப் பாட்டு?"

"முழுசா வாசிச்சேன். அதுக்கு மேல என்ன பரீட்சை?"

சூப்பர் என்ற சொல் பழக்கதோஷத்தில் அவள் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"நல்லா வாசிச்சீங்களான்னு எனக்கு இப்பவும் தெரியாது" என்றாள். "நீங்க இல்லைன்னா மட்டும் தெரியுது."

அவன் வெகுநேரம் வயரையே சுருட்டிக்கொண்டிருந்தான், ஏற்கெனவே சுருட்டியதை அவிழ்த்து மறுபடியும். பிறகு, விலை பேசியவனுக்கு நாளைக்கே போன் போட்டு இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என்றான். கிட்டாரை அவன் கையிலிருந்து அவளே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். இவ்வளவு கனக்கும் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.