அனாஹாவ் இலைக்குள் வௌவால் குடும்பம்

பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்துப் பழைய தொலைபேசி நிலையத்தின் வாசலில் அழகுக்காக வைத்த நான்கு அனாஹாவ் பனைகள் உண்டு. அங்கே பதினொரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள் பெர்லிதா. கட்டடம் கைமாறிவிட்டது, வண்டி நிறுத்த இடம் வேண்டி மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஜீப்னி ஏறிப் போனாள்.

அந்த மரத்தடியில்தான் லைன்மேன் நொனாத்தோ அவளுக்காகக் காத்திருப்பான். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது, "மெதுவாப் பேசு பெர்லி. மேல ஒரு குடும்பம் தூங்குது," என்றான். விசிறி இலையின் நரம்புகளைக் கடித்து மடக்கி, அதற்குள் ஆறு வௌவால்கள் தொங்கின. ஒன்றின் மார்பில் குட்டி. அண்ணாந்து சிரித்தவனின் புதுச் சட்டையில் எச்சில் பழம் வந்து விழுந்தது. அப்போதும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள். அவன் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது.

இப்போதும் அண்ணாந்து பார்த்தாள். இருந்தன, தாயும் குட்டியுமாக.

"தள்ளி நில்லுங்க மனாங்," என்று அக்கா முறை வைத்துச் சொன்னான், ரம்பத்தோடு வந்த மேஸ்திரி. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்."

"குட்டிங்க இன்னும் பறக்கல தம்பி. ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா?"

"என்னைக் கேட்டா? உள்ள முதலாளியம்மா இருக்காங்க, அங்க கேளுங்க. வௌவாலுக்குச் சிபாரிசா? வீட்ல சொன்னா நம்ப மாட்டாங்க."

முதலாளி கிளாரிசாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காகிதத்திலிருந்து தலை எடுக்காமல் பெர்லிதா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், பாதியில் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இந்தக் குரல்... 'வெச்சிடாத பாப்பா, லைன்லயே இரு'ன்னு சொல்வீங்களே, நீங்கதானா? எங்கப்பா மணிலாத் துறைமுகத்துல வேலை பார்த்தார். ஞாயித்துக்கிழமை தோறும் நீங்கதான் அவருக்கு லைன் பிடிச்சுக் குடுப்பீங்க."

பெர்லிதா யோசித்துப் பார்த்தாள். "எத்தனையோ பிள்ளைங்கம்மா. எனக்கு ஞாபகம் இல்ல."

"உங்களுக்கு இல்லாட்டி என்ன, எனக்கு இருக்கு," என்றாள் கிளாரிசா.

வேலை ஒரு மாதம் நின்றது. குட்டிகள் பறந்துபோன பிறகு மூன்று மரங்கள் விழுந்தன. மூலை மரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். மழைக்காலம் தொடங்கியபின் பெர்லிதா போனபோது, அதில் புதிதாக இரண்டு இலைகள் மடிந்திருந்தன.

"உங்க ஆளுங்க குடிவந்துட்டாங்க மனாங்," என்றான் மேஸ்திரி.

வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல ஆளில்லை. அவள் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து, அவனிடம் நொனாத்தோவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.