கற்றுக்குட்டிக் கேமரா

சுஹாஸின் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்ததும் டோரீனுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடங்களில் வகுப்புப் படம் எடுக்கும் வேலையில் பதினோரு வருடம் அவள் சுமந்த அதே ஃபிலிம் மாடல். மேல்மூடி பிளாஸ்டிக். தொழில் பழக வருகிறவர்கள் கையில் ஸ்டுடியோக்காரர்கள் கொடுப்பது. கை திருந்தியதும் வேறு நல்லதாக வாங்கிக்கொண்டு இதை யாருக்காவது தள்ளிவிடுவார்கள்.

"இது லெஜண்ட், ஆன்ட்டி. டிஜிட்டல்ல உயிரே இல்ல" என்றான் சுஹாஸ்.

வாரம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் உயிர் தேவைப்படுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். உழைப்பாளிகளின் முகங்களை வைத்துக் கண்காட்சி நடத்தப்போகிறானாம். அதற்காகத்தான் அவர்கள் வீடு இருந்த மர்பி டவுனுக்கு, கோலார் தங்கச் சுரங்கத்தில் முப்பத்து நாலு வருடம் இறங்கி ஏறிய அவள் அப்பா தியோடரைத் தேடி வந்திருந்தான்.

தியோடர் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். அவரைப் பார்த்ததும் சுஹாஸின் முகம் தொங்கிப்போனது.

"அங்கிள், ஷர்ட் வேணாம். பனியன் இருக்கா? கிழிஞ்சது இருந்தா இன்னும் சூப்பர்."

"பனியன்லயா? சர்ச்சுக்காரங்கள்லாம் பாப்பாங்களேப்பா."

"அதான் அங்கிள் ரியல்."

வீடு தேடி வந்தவனிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். சட்டையைக் கழற்றினார். பெயின்ட் அடித்த சொந்தச் சுவரை விட்டுவிட்டு, காரை பெயர்ந்த பக்கத்துச் சுவரோரம் அவரை உட்காரவைத்தான் சுஹாஸ்.

"ஸ்வல்ப... கொஞ்சம் சோகமா பாருங்க அங்கிள்."

மூன்றாவது படத்தில் டோரீன் கவனித்தாள். ஃபிலிமை நகர்த்தும் லீவரை அவன் இழுக்கும்போது, கூடவே சுற்ற வேண்டிய இடதுபக்கக் குமிழ் சுற்றவில்லை. உள்ளே ஃபிலிம் பல்லில் மாட்டவே இல்லை. முதல் வருடத்தில் ஒரு நாலாம் வகுப்பின் படங்கள் முழுவதையும் அவள் இப்படித்தான் இழந்து, தலைமையாசிரியை முன்னால் அழுதுகொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். எடு ராஜா, நல்லா எடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு டீ போடப் போய்விட்டாள்.

ரோலின் முப்பத்தாறு படமும் முடிந்த பிறகும் லீவர் இழுபட்டது. "எக்ஸ்ட்ராவா ரெண்டு கிடைச்சுது!" என்று சுஹாஸ் குதித்தான். இப்படி ஒரு மடையனை அவள் கண்டதில்லை.

மறுநாளிலிருந்து தியோடர் கேட்க ஆரம்பித்தார்.

"அந்தத் தம்பி போட்டோ கொண்டாந்தானாம்மா?"

இதை அவள் யோசித்திருக்கவில்லை. இரண்டு வாரமும் தினம் கேட்டார். தினமும் அவள் ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சுஹாஸ் வாசலிலேயே நின்றான். "ரோல் பூரா பிளாங்க், ஆன்ட்டி. லேப்ல கெடுத்துட்டாங்க போல. கேமராவும் பழசு."

"லேப் மேல பழி போடாத. கேமராவுக்கும் ஒண்ணுமில்ல. கத்துக்கறவங்களுக்குன்னே செஞ்ச கேமரா அது. நீதான் கத்துக்கல. ஃபிலிம் ஏறவே இல்ல. மூணாவது ஷாட்லயே பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"எங்கப்பாவ பனியனோட தெருவுல ஒக்கார வெச்சியே, அதுக்கு."

அவன் பார்வை அவளைத் தாண்டிப் போனதைக் கண்டு டோரீன் திரும்பினாள். பின்னால் தியோடர் நின்றிருந்தார்.

"அவனுக்குத் தெரியாது" என்றார். "ஒனக்குத் தெரியும் இல்ல? ஒரு மணி நேரம் வெயில்ல ஒக்காந்திருந்தேனேம்மா."

அவள் வாய் திறப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அல்சூர் சர்ச் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளில்லாமல் அவர் போனதே கிடையாது.

"ஸாரி, ஆன்ட்டி. தப்பு என்னுதுதான்" என்றான் சுஹாஸ்.

அவனுடைய பீற்றலையெல்லாம் பொறுத்துக்கொண்டவளால் அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்தினாள்.