ஒரு டம்ளர் இடைவெளி

மேசைமேல் பால் ஆறிக்கொண்டிருந்தது. டம்ளரிலிருந்து எழுந்த ஆவி ஜன்னல் வெளிச்சத்தில் சற்று நேரம் நின்று, எங்கே போவதென்று யோசித்ததுபோல் இருந்துவிட்டுக் கலைந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பாப்பா அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பாப்பா என்றால் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், ஓய்வுபெறும் நாள் நெருங்கிக்கொண்டிருப்பவள், மாடிப்படி ஏறினால் முழங்காலைத் திட்டுபவள். அக்காவின் வாயில் மட்டும் அவள் இன்னும் பாப்பா.

"ஆடை கட்டறதுக்குள்ள குடி," என்றாள் அக்கா, அடுப்பைத் துடைத்தபடி.

"குடிக்கிறேன்."

"குடிக்கிறவ டம்ளரைக் கையில எடுப்பா. நீ ஜோசியம் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருக்கே."

"சூடா இருக்குக்கா."

"நான் குளிச்சிட்டு வரும்போது காலி டம்ளர்தான் இங்க இருக்கணும்."

குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டதும் பாப்பா எழுந்தாள். பால்கனி மூலையில் அகன்ற இலைகளோடு ஒரு தொட்டிச்செடி இருந்தது. அதன் இலைகளை ஒதுக்கி, மண்ணில் சத்தமில்லாமல் பாலை ஊற்றினாள். மண் உடனே குடித்துவிடவில்லை. கொஞ்ச நேரம் வெள்ளையாக, வட்டமாக, ஒரு சின்ன நிலாவைப்போல அது மேலேயே கிடந்தது. பிறகு மெல்ல உள்ளே இறங்கியது. டம்ளரைக் கழுவாமல் மேசையிலேயே வைத்தாள். கழுவி வைத்தால் அக்காவுக்குச் சந்தேகம் வரும்.

ஆஸ்பத்திரியில் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் கருவி இருந்த அறையில்தான் பாப்பாவுக்கு வேலை. படுத்திருப்பவர்களின்மேல் கருவியின் நீண்ட கை மெதுவாக நகர்ந்துபோகும். திரையில் கோடு கோடாக ஒரு முதுகெலும்பு விழும். அந்த அறையில் பேச்சு கிடையாது. மங்கிய வெளிச்சமும் கருவியின் முனகலும் மட்டும்தான். அதனால்தான் அவள் வயிறு போட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பாலை உண்மையிலேயே குடித்துக்கொண்டிருந்த நாட்களில், காலையில் குடித்தது முற்பகலில் பேச ஆரம்பிக்கும். முதலில் முணுமுணுக்கும், பிறகு வண்டி உருளும், பிறகு யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவார்கள். ஒருமுறை படுத்திருந்த பாட்டி தலையைத் தூக்கி, "உள்ள யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டாள். பாப்பா சிரித்தாள். வலியில் கண்ணில் நீர் கோத்திருந்தது.

படங்களைப் பார்க்க வரும் டாக்டரம்மாதான் சொன்னார்: "பால்ல ஒரு சர்க்கரை இருக்கு. அதை உடைக்க நம்ம குடல்ல ஒண்ணு சுரக்கணும். கைக்குழந்தையா இருக்கும்போது நல்லா சுரக்கும். வளர வளர நிறைய பேருக்கு அது வத்திப் போயிடும். கொஞ்ச நாள் பாலை நிறுத்திப் பாருங்க."

நிறுத்திப் பார்த்தாள். வயிறு, பல வருஷம் அழுதுகொண்டிருந்த குழந்தை தூங்கிப்போனதுபோல் அமைதியானது. அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

அவர்கள் அம்மா, பாப்பா பிறந்த சில நாட்களிலேயே போய்ச்சேர்ந்துவிட்டாள். அப்பா விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டியபின் வருபவர். பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஒரு சிறுமி பால் வாங்க வரிசையில் நின்றாள், காய்ச்சினாள், ஆற்றினாள், புட்டியில் ஊற்றினாள். வீட்டுக்கு வந்த பால் முழுவதும் பாப்பாவுக்குப் போனது. "உனக்கு?" என்று பேச்சு வந்த நாளில் பாப்பா கேட்டாளாம். "எனக்கு வேண்டாம்," என்றாளாம் அக்கா. அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஏற்பாடு மாறவே இல்லை. அக்கா கொஞ்சமாட்டாள், தலையைத் தடவமாட்டாள். பாப்பாவுக்குப் பரிசு கிடைத்தபோதும், பார்த்த மாப்பிள்ளை தட்டிப்போனபோதும், வேலையில் சேர்ந்த அன்றும் அக்கா சொன்னது ஒன்றேதான்: "பாலைக் குடி." பாலை நிறுத்திவிட்டால் அவள் எதைக்கொண்டு தன்னிடம் பேசுவாள் என்று பாப்பாவுக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் அந்தத் தொட்டிச்செடி.

அக்கா ஓய்வுபெறும்வரை ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். அங்கே அவளுக்கு 'இடைவெளி' என்று பெயர். எழுத்துப்பிழையை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், இரண்டு சொல்லுக்கு நடுவே விழும் வெற்றிடத்தைப் பிடிப்பவள்தான் திருத்துகிறவள் என்பாள். அந்தப் பெயர் வந்த கதையை வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவாள். பெரிய எழுத்தாளர் ஒருவர் தன் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மனைவிக்காக 'உன்பால் கொண்ட அன்பால்' என்று எழுதியிருந்தார். அச்சில் 'உன் பால் கொண்ட அன்பால்' என்று வந்துவிட்டது.

"சேத்து எழுதினா உன்மேலன்னு அர்த்தம். பிரிச்சு எழுதினா டம்ளர்ல ஊத்துற பால். அந்த அம்மா படிச்சிட்டு, 'நான் என்ன மாடா'ன்னு கேட்டாங்களாம்," என்று சொல்லி, தான் சிரிக்காமல் பாப்பா சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படிப்பட்ட கண்ணுக்குத் தொட்டிச்செடி எத்தனை நாள் தப்பும்? ஒருநாள் சாயங்காலம் பாப்பா வேலையிலிருந்து வந்தபோது அக்கா பால்கனியில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். மண்ணின்மேல் வெள்ளையாக ஓர் ஏடு படிந்து வெடித்திருந்தது. எறும்புகள் வரிசை பிரியாமல் போய்க்கொண்டிருந்தன. புளித்த வாடை அடித்தது.

"செடிக்கு எலும்பு நல்லா வலுவாயிடுச்சா?" என்றாள் அக்கா.

பாப்பா செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"அக்கா, எனக்குப் பால் ஒத்துக்கல. டாக்டரம்மா சொன்னாங்க. குடிச்சா வயித்தைப் பெசையுது."

"எப்பலேர்ந்து?"

சும்மா இருந்திருக்கலாம். அக்காவிடம் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது. "ரொம்ப வருஷமா."

அக்கா நிமிர்ந்தாள். நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இடுப்பில் கையை ஊன்றி, பால்கனிக் கம்பியைப் பிடித்து, வலியை முகத்தில் காட்டாமல்.

"அப்ப இத்தனை வருஷமும் நான் உனக்கு வயித்துவலியத்தான் காய்ச்சிக் குடுத்தேனா?"

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

மறுநாள் காலை மேசைமேல் டம்ளர் இல்லை. அடுத்த நாளும் இல்லை. டம்ளர் வைத்து வைத்து மேசைப்பலகையில் வெளிறிய ஒரு வட்டம் விழுந்திருந்ததைப் பாப்பா இப்போதுதான் பார்த்தாள். அக்கா பேசாமல் இல்லை. குடை எடுத்துக்கிட்டியா, பால்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன், விளக்கை அணைச்சுட்டுப் போ, எல்லாம் சொன்னாள். ஆனால் சொற்கள் ஒன்றையொன்று தொடாமல் தள்ளித்தள்ளி நின்றன. கருவி அறையின் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கும்போது பாப்பாவுக்கு விழிப்பும் உறக்கமும் இல்லாத ஒரு மயக்கம் வந்தது. தான் குடித்த பாலெல்லாம் திரும்பி வருவதுபோல் இருந்தது. ஆஸ்பத்திரியின் நீண்ட தாழ்வாரங்களில் சத்தமில்லாமல் வெள்ளையாக ஓடி, கதவுகளின் அடியில் புகுந்து, யாரையோ தேடிக்கொண்டு போனது. பள்ளிக்கூடப் பையோடு வரிசையில் நிற்கும் ஒரு சிறுமியின் கால்விரல்களை நனைத்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. தான் வாங்கவேண்டியதை வாங்க முன்னால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா கம்பியைப் பிடித்து நிமிர்ந்த விதம் அப்போதுதான் பாப்பாவுக்கு உறைத்தது. நாள் முழுக்க அப்படி நிமிரும் பெண்களைத்தான் அவள் படுக்கவைத்துப் படம் எடுக்கிறாள்.

"எனக்கெதுக்கு?" என்றாள் அக்கா, எலும்புப் படம் எடுக்கப் பாப்பா கூப்பிட்டபோது.

"சும்மா. நான் என்ன வேலை பாக்குறேன்னு நீ பாத்ததே இல்ல."

அந்தச் சாக்கு பலித்தது. அக்கா படுத்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டு, கைகளைப் பக்கத்தில் வைத்து, புத்தகத்துக்குள் மடித்து வைத்த தாளைப்போல் அசையாமல் கிடந்தாள். கருவியின் கை அவள்மேல் நகர்ந்தது. திரையில் கோடு கோடாக அக்கா வந்தாள். பாப்பா எத்தனையோ பேரின் எலும்பைப் பார்த்தவள். ஆனாலும் அன்று ஒவ்வொரு கோடு விழும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளையாக வரவேண்டிய இடத்தில் சாம்பல் வந்தது. அதற்கடுத்த கோட்டிலும் சாம்பல்.

அக்கா எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அச்சு மங்கலா விழுந்திருக்கு," என்றாள். "மை பத்தல."

பாப்பா படத்தை டாக்டரம்மாவிடம் எடுத்துப்போனாள்.

டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்று மாத்திரை சொன்னார், நடக்கச் சொன்னார், வெயிலில் கொஞ்சம் நிற்கச் சொன்னார், வழுக்கும் இடத்தில் நிற்காதீர்கள் என்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் நேரா சொல்லுங்க டாக்டர். பால் நல்லதா, கெட்டதா?"

"யாருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அக்காவின் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. "ஆமா. கேள்வியில ஒரு சொல் விட்டுப்போச்சு."

"உங்க தங்கச்சிக்கு வயிறு ஏத்துக்கல. அவங்க கீரை, எள்ளு, சின்ன மீன்னு சாப்பிட்டுக்கலாம். அந்தச் சர்க்கரையை எடுத்த பாலும் கடையில வருது. உங்களுக்கு ஒத்துக்குதுன்னா நீங்க தாராளமா குடிங்க. குடிச்சிருக்கீங்கல்ல?"

"இல்ல."

"பிடிக்காதா?"

பாப்பா குறுக்கிட்டாள். "அக்காவுக்குப் பால் பிடிக்காது டாக்டர். சின்ன வயசுலேர்ந்தே."

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். தப்பான எழுத்தின்மேல் பேனாவை வைக்கும் பார்வை.

"பிடிக்காதுன்னு நான் எப்ப சொன்னேன்? வேண்டாம்னு சொன்னேன்."

பாப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் டாக்டரம்மாவிடம், மெதுவாக, "அப்ப அவங்க குடிச்சிருந்தா… இது இப்படி ஆகியிருக்காதா?" என்றாள்.

"அப்படி ஒரேயடியா சொல்ல முடியாதும்மா. வயசு இருக்கு, உடம்புவாகு இருக்கு, உக்காந்தே பார்த்த வேலை இருக்கு. பாலே குடிக்காத ஊர்லயும் மனுஷங்க நிமிந்துதான் நடக்கறாங்க."

"கேட்டியா?" என்றாள் அக்கா. "எல்லாத்துக்கும் நீதான் காரணம்னு பெருமைப்பட்டுக்காதே."

வீட்டுக்கு வரும் வழியில் தெரு ஈரமாக இருந்தது. வழுக்கும் இடம் வந்தபோது பாப்பா கையை நீட்டினாள். அக்கா அதைப் பார்க்காததுபோல் நடந்தாள்; பிறகு சுவரைப் பிடிக்கிற மாதிரி, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த நாள் பாப்பா வேலை முடிந்து வந்தபோது வீட்டில் சாயங்கால வெளிச்சம் தரைவரை இறங்கியிருந்தது. அக்கா உள்ளறையில் படுத்திருந்தாள். எழுந்திருக்காமலே கடைக்குப் போய்வந்த கதையைச் சொன்னாள்.

"உனக்குன்னு ஒரு பால் வாங்கியிருக்கேன். டப்பாவுல இருக்கிறதெல்லாம் படிச்சுப் பாத்தேன். 'செரிமாணம்'னு போட்டிருக்கான், மூணு சுழி ண. அவன் பாலை எப்படி நம்புறதுன்னு தெரியல. ஒரு வாய் குடிச்சுப் பாரு, வயிறு ஏதாவது சொல்லிச்சுன்னா விட்டுடு. கட்டாயம் இல்ல."

கட்டாயம் இல்ல. அக்கா வாயிலிருந்து பாலோடு சேர்ந்து வந்த சொல்லா அது என்று பாப்பாவுக்கு வியப்பாக இருந்தது.

"நீ குடிச்சியா?"

"குடிச்சேன்."

"எப்படி இருந்தது?"

உள்ளறையில் கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. யாரிடமோ ஒரு தப்பை ஒத்துக்கொள்வதுபோல, சின்னக் குரலில்.

பாப்பா குளிர்பெட்டியைத் திறந்தாள். இரண்டு டப்பாக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மாறிப்போகக் கூடாதென்று அக்கா இரண்டிலும் வெள்ளைத் தாளைக் கத்தரித்து ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். ஒன்றில் 'என் பால்'. இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு, அளந்து விட்ட இடைவெளி. இன்னொன்றை எடுக்கப் போன பாப்பாவின் கை நின்றது.

அதில் 'உன்பால்' என்று இருந்தது.

மறுபடி படித்தாள். தாளில் இடமில்லாமல் இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெள்ளையாக எவ்வளவோ இடம் கிடந்தது.

"பாப்பா, குளிர்பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு என்ன பண்றே? குளிரெல்லாம் வெளிய போகுது."

"அக்கா." தாளின்மேல் விரலை வைத்தாள். "இதுல இடைவெளி விட்டுப்போச்சு."

"எதுல?"

"என்னோடதுல."

எங்கோ கீழ்த்தெருவில் ஒரு கதவு மூடியது.

"திருத்தணும்னா பேனா மேசைமேல இருக்கு," என்றாள் அக்கா.

பேனா மேசைமேல்தான் இருந்தது, அந்த வெளிறிய வட்டத்துக்கு நடுவில். பாப்பா அதன் பக்கம் போகவில்லை. குளிர்பெட்டியின் வெளிச்சம் அவள் நீட்டிய கையின்மேல் விழுந்தது. தோலும் நரம்பும் கரைந்து, விரலெலும்புகள் மட்டும் நீளநீளமாக, வெள்ளை வெளேரென்று, யாரோ உள்ளிருந்து விளக்கேற்றி வைத்ததுபோல் தெரிந்தன.