ஏழு பலகை

"கொட்டகையில பலகை இல்லம்மா!"

தப்ரேஸ் இதைச் சொன்ன சத்தத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். அவன் அம்மா உம்முசல்மா மட்டும் நிமிரவில்லை. உடலைச் சுற்றும் கபன் துணியில் தூவுவதற்காகக் கற்பூரத்தை உள்ளங்கையில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் அவள் புருஷன் அப்துல் சத்தார் போர்வைக்குள் கிடந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷன், அவள் தண்ணீர் மொண்டு வருவதற்குள் போய்விட்டார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளிவாசலில் சொல்லியாகிவிட்டது.

"நல்லா பாத்தியாடா?"

"ரெண்டு தடவ பாத்துட்டேன். பரண் மேலயும் இல்ல. ஏழுல ஒண்ணுகூட இல்ல."

கபருக்குள் உடலை இறக்கியபின், மண் நேரே மேலே விழாமலிருக்கக் குறுக்காக அடுக்கும் பலகைகள் அவை. தெருவில் யார் வீட்டில் மௌத்து என்றாலும் சத்தார் கொட்டகையிலிருந்துதான் பலகை போகும். ஏழு போனால் ஜமாத்தார் மறுபடி மரம் கொடுப்பார்கள். தச்சர் சத்தார் கூலி வாங்காமல் இழைத்து அடுத்த ஏழு பலகையை அடுக்கி வைப்பார். நம்பி ஒப்படைத்த அந்த அமானத்தை இருபத்திரண்டு வருஷம் காத்தவர், ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. இன்றைக்குப் பார்த்து அவருக்கே இல்லை.

எங்கே போயிற்று என்று உம்முசல்மாவுக்குத் தெரியும். தலையைத் திருப்பினால் ஜன்னல் வழியே தெரியும். புழக்கடையில் வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டு நாலு காலில் நிற்கிறது.

சத்தாருக்கு இரண்டு வருஷமாக மழைப் பைத்தியம். செல்போனில் ஒரு கூட்டம் வைத்துக்கொண்டு, தாமலில் எத்தனை மில்லிமீட்டர், காஞ்சிபுரத்தில் எத்தனை டிகிரி என்று ஆளாளுக்குப் போடுவார்கள். இவர் சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதி அனுப்ப, ஒருவன் கேட்டுவிட்டான்: "பாய், அது ஊரு சூடா, உங்க சுவத்து சூடா?" அவ்வளவுதான், ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முறைப்படி மரப்பெட்டி செய்து அதற்குள் வைக்கவேண்டுமாம். தரையிலிருந்து நாலடி உயரம். பக்கமெல்லாம் சாய்வுச் சட்டங்கள். காற்று போகணும், வெயில் போகக்கூடாது. கூரை இரண்டு அடுக்கு, கதவு வடக்கே பார்த்து. ஈர மரத்தில் செய்தால் முறுக்கிக்கொள்ளும். கொட்டகையில் நன்றாகக் காய்ந்த மரம் என்று இருந்தது அந்த ஏழு பலகைதான்.

"அது மௌத்துக்கு வெச்சதுங்க, தொடாதீங்க," என்று தலைதலையாய் அடித்துக்கொண்டாள்.

"அடுத்த வாரமே வேற இழைச்சு வெச்சுட்றேன் சல்மா. அதுக்குள்ள எவன் சாவப் போறான்?"

சொல்லி இருபது நாள். வாய்க்கொழுப்பு! உம்முசல்மாவுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைத்து நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று ஆத்திரமாக இருந்தது.

முற்றத்தில் ஜமாத் செயலாளர் ஆசாத்தின் குரல் கேட்டது. புருஷன் போனதும் இத்தா காலம் தொடங்கிவிட்டது. இனி அந்நிய ஆண்கள் முன்னால் அவள் வரக்கூடாது. கதவுத் திரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

"பலகை பக்கத்து ஜமாத்துல கேட்டா குடுப்பாங்க, அது பேச்சில்ல," என்றார் ஆசாத். "கபருக்குன்னு குடுத்த பொருளு எங்க போச்சு? கொட்டகை சாவி எத்தினி பேர்கிட்ட இருக்குது?"

"அத்தாகிட்ட ஒண்ணு. சந்தோஷ்கிட்ட ஒண்ணு," என்றான் தப்ரேஸ்.

எல்லோரும் சந்தோஷ்குமாரைப் பார்த்தார்கள். பதினாலு வருஷமாகச் சத்தாரிடம் தச்சு வேலை செய்கிறவன். சேதி கேட்டதும் முசரவாக்கத்திலிருந்து கட்டிய லுங்கியோடு வந்தவன், அப்போதிலிருந்து நாற்காலி போடுவதும் தண்ணீர் பிடிப்பதுமாக இருந்தான்.

"நீ வீடு கட்டிக்கினு இருக்கறல்ல?"

"ஆமா பாய்."

"கதவு, ஜன்னலு எல்லாம் போட்டுட்டியா?"

சந்தோஷ்குமார் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தான். அந்தப் பலகைகளைச் சட்டம் சட்டமாக அறுத்ததே அவன் கைதான். பாய்தான் எடுத்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரை இடுக்கில் உம்முசல்மாவின் கண் தெரிந்ததும், வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான்.

"வாயத் தொறந்து பேசேன்டா!" தப்ரேஸ் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "உள்ள எங்க அத்தா கெடக்கறாரு. சொல்லு, எங்க வித்தே?"

உம்முசல்மா திரையை விலக்கப் போய் நின்றாள். சொன்னால் புருஷனின் மானம் போகும். எழுந்து வந்து ஒரு சமாதானம் சொல்லக்கூட அவரால் முடியாது. சொல்லாவிட்டால், திருடாதவனைத் திருடனாக்கிய பழியையும் சுமந்துகொண்டு மண்ணுக்குள் போவார்.

"அவன விடுறா," என்றாள். "அவங்கதான் எடுத்தாங்க. பின்னாடி நிக்குதே பெட்டி, அதான் உங்க பலகை."

தப்ரேஸ் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். முகம் சிவந்திருந்தது.

"இன்னிக்கா சொல்லுவே? அத்தாவ ஊரு முன்னால நிக்க வெச்சிட்டியே! வேற எடத்துல வாங்கினு போயிருப்போம், யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்டா. அந்தப் புள்ளைக்குத் தெரியும். படச்சவனுக்குத் தெரியாதா?"

ஆசாத் புழக்கடைக்குப் போய்ப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். கதவைத் திறந்தார், மூடினார். சத்தமே இல்லாமல் பொருந்தியது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கான் பாவி," என்றார். சட்டங்களின் மேல் விரலை ஓட்டினார். "கபருக்குன்னு குடுத்த மரம், கபருக்கே போவட்டும். பிரிங்க."

சந்தோஷ்குமார் திருப்புளியை எடுத்து வந்தான். உள்ளே தொங்கிய இரண்டு தெர்மாமீட்டர்களையும் கழற்றி ஜன்னல் வழியாக உம்முசல்மாவிடம் நீட்டினான்.

"கண்ணாடிம்மா, பாத்து."

கூரைப் பலகை இரண்டு வந்தது. அடிப்பலகை ஒன்று. கதவு. பக்கங்களைச் சட்டம் சட்டமாகப் பிரிக்கப் போன ஒருவரைத் தடுத்தான். "முழுசா இருக்கட்டும். மேல ஓலைப்பாய் போட்டுட்டா மண்ணு எறங்காது." மூன்று பக்கங்களையும் அப்படியே கழற்றிச் சுவரில் சாத்தி எண்ணினான். ஏழு இருந்தது. மய்யித்தைக் குளிப்பாட்ட இடம் வேண்டும் என்று கால்களையும் பிடுங்கினார்கள். கடைசிக் கால் வராமல் அடம்பிடித்தபோது, அதுவரை ஒதுங்கி நின்ற தப்ரேஸ் போய் மறுபக்கம் பிடித்தான்.

மய்யித்தை எடுக்கும் நேரம் வந்தது. உம்முசல்மா மகனைக் கூப்பிட்டாள்.

"தொழுகைக்கு முன்னாடி எழுந்து நின்னு நீ கேக்கணும். எங்க அத்தா ஜமாத்து பலகைய எடுத்துட்டாரு, மன்னிச்சிடுங்கன்னு. ஆசாத் ஒருத்தரு மன்னிச்சா போதாது. அந்தப் பலகை எல்லாருதும்."

தப்ரேஸ் அவளைப் பார்க்கவே இல்லை. குனிந்து, உடலைச் சுமக்கும் சந்தூக்கின் முன்கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பெண்கள் கபர்வரை போகும் வழக்கமில்லை. ஆண்கள் எல்லோரும் போனபின் வீடு ஓய்ந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கேட்டிருப்பானா? வீம்பு பிடித்தவன், அப்பனைப் போலவே. கேட்காமல் விட்டிருந்தால் அவர் பாரத்தோடு படுத்திருப்பார். சத்தாரின் செல்போன் தலையணைக்கடியில் இரண்டு முறை ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள். "பாய், இன்னிக்கு ரீடிங் வரலியே?" என்று ஒருவன் கேட்டிருந்தான். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

தப்ரேஸ் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நகக்கண்ணெல்லாம் மண். அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

அவள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"எல்லாரும் ஆசாத் பாயையே பாத்தாங்கம்மா. அப்புறம் பின்னாலருந்து யாரோ 'மன்னிச்சிட்டோம்'னாங்க. அப்புறம் எல்லாரும் சொன்னாங்க." மூக்கை உறிஞ்சினான். "சந்தோஷ் கபர் வரைக்கும் வந்தான். எல்லாரும் மூணு கை மண்ணு போட்டோம். அவனும் போட்டான்."

உம்முசல்மா சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். எழுந்து புழக்கடைக்குப் போனாள். பெட்டி நின்ற இடத்தில் கால் பிடுங்கிய நாலு குழிகள் இருந்தன. குளிப்பாட்டிய தண்ணீரின் ஈரம் இன்னும் காயவில்லை.

"யாராவது கால வெச்சிடப் போறாங்க," என்றாள்.

"நீ வாம்மா. நான் மூட்றேன்."

"நீ உக்காரு."

மண்வெட்டி கைக்கெட்டும் தூரத்தில் சுவரோரம் இருந்தது. அவள் முதல் குழியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையால் மண்ணை அள்ளிப் போட்டாள்.