குளியலறையை ஒட்டி ஒரு நடைபாதை

பள்ளி மைதானத்தின் குறுக்கேதான் ஊரே நடந்து போய்க்கொண்டிருந்தது. பொது வழி, யாரும் தடுக்க முடியாது. ஆண்டு விழா ஓட்டப் பந்தயத்தில் மூட்டையோடு நடுவில் புகுந்த ஒருவர், வெயிலுக்குப் பயந்து ஓடி, முதலாவதாக வந்து தொலைத்தார். அன்று மாலையே தலைமையாசிரியை நகராட்சி அலுவலகத்துக்குப் போய் மேசையைத் தட்டிவிட்டார். வழியை மாற்றும் வேலை ஓவர்சியர் தலையில் விழுந்தது.

அவர் நாடாவை இழுத்து அளந்தார். பள்ளியின் பின்மதிலுக்கும் வீடுகளின் பின்சுவர்களுக்கும் நடுவே மண்டிக் கிடந்த புதரை வெட்டச் சொல்லி, கல் பாவி, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி ஒரு நடைபாதை போட்டார். அந்தச் சுவர்களில் ஒன்று சொந்த மாமனார் வீட்டுச் சுவர் என்பது தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை என்பதும் தெரியும். மாமனார் குளிக்கும்போது பாடுவார் என்பதுதான் மண்டையில் உறைக்காமல் போயிற்று.

மாமனார் பாடுவதெல்லாம் சொந்தச் சரக்கு. தலையில் தண்ணீர் விழுந்தால் பாட்டு தானாகக் கிளம்பிவிடும்.

திறப்பு விழாவன்று நகராட்சித் தலைவி ரிப்பனில் கத்தரிக்கோலை வைத்த நேரம், குளியலறைச் சன்னல் வழியாகக் கணீரென்று வந்தது குரல்.

"வாசல்ல முதல்ல தொப்பை வருது,
பின்னால மெல்ல மாப்பிள்ளை வருது!
குறட்டை விட்டாக் கூரை பறக்குது,
கூப்பிட்டா மட்டும் காது அடைக்குது!"

"யாருங்க அந்த மாப்பிள்ளை?" என்று கேட்டார் தலைவி.

ஓவர்சியர் வயிற்றை எக்கிக்கொண்டு, "தெரியலைங்க மேடம்" என்றார்.

ஒரு வாரத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்க அதே பாட்டு. தலைமையாசிரியை மறுபடி வந்து நின்றார்.

"பாட்டு முடியிற வரைக்கும் பிள்ளைங்க அந்தச் சன்னலுக்குக் கீழேயே நிக்குதுங்க சார். மணி அடிச்சாலும் அசையறதில்ல. ஏதாவது பண்ணுங்க."

ஓவர்சியர் மாமனார் வீட்டுக்கு ஓடினார்.

"மாமா, கொஞ்சம் மெதுவாப் பாடக் கூடாதா?"

"மெதுவாப் பாடினா தண்ணிச் சத்தத்துல எனக்கே கேக்காதே மாப்பிள்ளை!"

"சன்னலையாவது சாத்திக்குங்களேன்."

"மூச்சு முட்டிச் சாகவா? நான் பாட்டுக்கு என் வீட்டுல பாடிட்டு இருந்தேன். ஊரை என் முதுகுக்குப் பின்னால கூட்டிட்டு வந்தது யாரு?"

சமையலறையிலிருந்து மாமியார்தான் எட்டிப் பார்த்து வழி சொன்னார்.

"ஏங்க, நாளையிலேர்ந்து சீக்கிரம் குளிங்க. ஸ்கூல் மணி அடிக்கிறதுக்குள்ள கச்சேரிய முடிச்சுக்குங்க. பிள்ளைங்களும் நேரத்துக்கு வந்து சேரும்."

'கச்சேரி' என்ற சொல்லிலேயே மாமனார் குளிர்ந்துபோனார். ஆனால் ஓவர்சியர் நகரவில்லை.

"நேரம் சரி மாமா. அந்த வரிங்க..."

"வரிக்கு என்ன? அத்தனையும் உண்மைதானே?"

ஓவர்சியர் தலையைச் சொறிந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சின்ன மாப்பிள்ளை போன வாரம் ஏணியில ஏறிட்டு, இறங்கத் தெரியாம 'அம்மா'ன்னு அழுதாராமே, கேள்விப்பட்டீங்களா?"

"அடப்பாவமே, யாருமே சொல்லலையே!" மாமனாரின் கண்கள் பளிச்சிட்டன. "எத்தனாவது படி? விவரமாச் சொல்லுங்க மாப்பிள்ளை!"

மறுநாள் காலை பிள்ளைகள் எல்லாரும் மணிக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டார்கள். சன்னலுக்குக் கீழே முன்வரிசையில் ஓவர்சியர் நின்றுகொண்டு, ஒவ்வொரு வரிக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார்.