நாக்கில் ஏறிய தங்கம்

வெல்டிங் பட்டறையில் அவனுக்குப் பொறி என்று பேர். பார்க்கிற வேலையால் மட்டும் வந்த பேரல்ல. யாராவது ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லிவிட்டால் போதும், குபீரென்று பற்றிக்கொள்வான். இருபத்திரண்டு வருஷமாக நெருப்போடு புழங்குகிறவன். முன்னங்கை இரண்டிலும் சுட்ட தழும்புகள் அம்மைத் தழும்பு மாதிரி இறைந்து கிடக்கும். இரும்பு எந்தச் சூட்டில் இருக்கிறது என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

அவனுடைய அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அவள் வாய் ஓயாது. அப்படிப்பட்டவள் மூன்று மாதமாக நாக்கின் ஓரத்தில் ஒரு புண்ணை வைத்துக்கொண்டு, "பல்லு குத்துதுடா, வேற ஒண்ணும் இல்ல" என்று மழுப்பிவந்தாள். கடைசியில் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தபோது புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்தால் நாக்கில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்றார்கள்.

"அப்புறம் உன்கூட எப்படிடா சண்டை போடுறது? சீட்டு எழுதி நீட்டணுமா?" என்று அக்கா சிரித்தாள். சிரித்த வாய் கோணிக்கொண்டது. பொறி வெளியே வந்து ஆஸ்பத்திரி நடைக்கூடச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

இன்னொரு வழியும் உண்டு, ஆனால் அது இன்னும் பரிசோதனை நிலையில்தான் இருக்கிறது என்று சொன்னவள் அங்கிருந்த டாக்டரம்மா. நுண்ணிய கண்ணாடி மணிகள். ஒவ்வொன்றின் மேலும் தங்க முலாம். ஒரு தலைமுடியின் குறுக்கே ஐந்நூறு மணிகளை வரிசையாக அடுக்கலாம். ரத்தத்தில் ஏற்றிவிட்டால், கட்டிக்குப் போகிற ரத்தக்குழாய்கள் ஓட்டையும் உடைசலுமாக இருப்பதால் அவை அங்கே கசிந்து தங்கிவிடும். மறுநாள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அங்கே பாய்ச்சினால் அவை சூடாகி, கட்டி வெந்துபோகும்.

பொறி பற்றிக்கொண்டான். "சூட்டைப் பத்தி எனக்குக் கதை சொல்லாதீங்க டாக்டர். வெளிச்சம் பட்டா முதல்ல வேகுறது பக்கத்துல இருக்குற நல்ல சதைதான். என் கையைப் பாருங்க!"

டாக்டரம்மா அவன் கையைப் பார்த்தாள். பிறகு, "வாங்க" என்று எழுந்து போனாள்.

கீழ்த்தளத்து அறையில் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் வைத்தாள். ஒன்றில் மட்டும் அந்த மணிகள் கலந்த பச்சைச் சொட்டு ஒன்றை விட்டாள். இருவரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டதும் வெளிச்சத்தைத் திறந்தாள். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. வெறும் தண்ணீர்க் குழாயில் சூடுகாட்டி அசையவே இல்லை. பச்சைக் குழாயில் எண் விறுவிறுவென்று ஏறியது. அடுத்து வெளிச்சத்தைக் குறைத்து, பச்சைக் குழாய்க்கு முன்னால் தன் விரலையே வைத்தாள். விரலைத் தாண்டிப் போய் தண்ணீரை மெல்லச் சூடாக்கியது அது.

"சுடலையா?" என்றான்.

"லேசா வெதுவெதுன்னு இருக்கு. அவ்வளவுதான்."

விரலை எடுக்கச் சொல்லி, இன்னொரு முறை வைக்கச் சொல்லி, மூன்று தடவை பார்த்தான்.

அக்கா சம்மதித்தாள். மருந்து ஏற்றிய அன்று, தொங்கிய பையைப் பார்த்து, "தங்கம்னு ஆசை காட்டிட்டுக் குளத்துத் தண்ணியை ஏத்துறாங்கடா" என்றாள். உண்மையில் பாசி பிடித்த நிறம்தான். தங்கத்தை அவ்வளவு பொடியாக்கினால் அதன் மஞ்சள் போய்விடும் என்று நர்ஸ் சொன்னாள்.

மறுநாள் அவனைத் தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப்புறம் திரை முன்னால் உட்காரவைத்தார்கள். மயக்கத்தில் கிடந்த அக்காவின் நாக்கில், வெளிச்சத்தைக் கொண்டுபோக நூல்போல ஒரு கண்ணாடி இழை இறங்கியிருந்தது. சூடு பார்க்க இரண்டு ஊசிகள்: ஒன்று கட்டிக்குள், இன்னொன்று அரை விரல் தள்ளி நல்ல சதையில். டாக்டரம்மா தலையசைத்தாள்.

பொறி பறக்கவில்லை. சத்தம் இல்லை. புகை இல்லை, வாடை இல்லை. திரையில் எண் மட்டும் மாறியது. முப்பத்தேழு. நாற்பத்தொன்று. நாற்பத்தெட்டு. ஐம்பத்து நான்கு. பக்கத்து ஊசி முப்பத்தொன்பதைத் தாண்டவில்லை. தன் அக்காவின் வாய்க்குள், அரை விரல் இடைவெளியில், ஒரு பக்கம் வேகிறது, மறுபக்கம் காய்ச்சல்கூட இல்லை. அவனுக்கு மயிர் சிலிர்த்துக்கொண்டது. மூன்று நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அதுவரை மூச்சை எங்கே விட்டான் என்று அவனுக்கே நினைவில்லை.

ஆனால் அதன் பிறகு வந்த நாட்கள் லேசானவையாக இல்லை. நாக்கு வீங்கி, பத்து நாள் அக்கா மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் கஞ்சி குடித்தாள். பேச்சு அறவே இல்லை. 'குழாயை நேரா பிடிடா தடியா' என்று நிஜமாகவே சீட்டு எழுதி நீட்டினாள். வெந்த இடம் கறுத்துப் பொருக்குத் தட்டி, ஒருநாள் காலையில் உதிர்ந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை.

சோதனையில் ஓர் ஓரத்தில் அரிசி அளவுக்குக் கட்டி மிச்சம் இருந்தது. டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. "அங்க மணிகள் சரியாப் போய்ச் சேரலை. இன்னொரு தடவை செய்யலாம். அதுவும் முடியலைன்னா கத்திதான்." இரண்டாம் முறையும் செய்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பத்து இடத்தில் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். பத்தும் சுத்தம். ஐந்து வருஷம் விடாமல் வந்து காட்டவேண்டும், அதற்குமுன் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன் என்றாள் டாக்டரம்மா.

நாக்கு மடங்க மறுத்ததால் 'ழ' மட்டும் அக்காவிடம் சண்டித்தனம் செய்தது. 'வாளைப்பளம், கிளவி' என்று கண்ணாடி முன் நின்று தன்னையே திட்டிக்கொண்டு பழகி, ஐந்தாம் மாதம் வேலைக்குத் திரும்பினாள்.

முதல் வருஷச் சோதனைக்குப் போன அன்று, உதிர்ந்த அந்தச் சதையைப் பெரிதாக்கி எடுத்த படத்தை டாக்டரம்மா திரையில் காட்டினாள். செத்த அணுக்களுக்கு நடுவே, கொத்துக்கொத்தாக உருண்டை உருண்டையான கறுப்புப் புள்ளிகள்: அந்தத் தங்க மணிகள்.

"மிச்சத் தங்கமெல்லாம் எங்க போச்சு?" என்றாள் அக்கா.

"கொஞ்சம் உங்க கல்லீரல்லயே தங்கியிருக்கும். அதனால இதுவரைக்கும் யாருக்கும் தொந்தரவு வந்ததா தெரியலை. நீண்ட காலத்துக்கு எப்படின்னு நாங்களும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"கேட்டுக்கடா, இனிமே என்னைப் பதமா நடத்தணும்."

பொறி திரைக்கு மிக அருகில் குனிந்து அந்தப் புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணிக்கை தப்பியது. முதலிலிருந்து தொடங்கினான். அடுத்த நோயாளி கதவருகே காத்திருந்தார். டாக்டரம்மா அவனை அவசரப்படுத்தவில்லை.