பவுடர் கலையாத இடம்

பரசுராமன் யாரிடமும் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர் அல்ல. கையைப் பார்ப்பார், காது மடலைப் பார்ப்பார், சட்டைக் காலர் கொஞ்சம் விலகியிருந்தால் பிடரியைப் பார்ப்பார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் முதுகை இவர் உற்றுப் பார்க்கப் போய், அந்த மனுஷர் ரசத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்துவிட்டார். இவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்தொரு வருஷமாகத் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு சைக்கிளில் போய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் களத்து ஆட்களையும் வெயிலில் நிறுத்தித் தோலைப் பார்ப்பதற்குத்தான் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. தொழுநோய் ஆய்வாளர் என்பது உத்தியோகம்.

வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. அவர் மனைவி ராஜம்மாள் சொந்தக்காரர்களிடம் "ஹெல்த்துல இருக்காரு" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். நோய்க்கு அவள் வைத்திருந்த பெயர் "உங்க ஆபீஸ் வியாதி." அவருடைய எவர்சில்வர் டம்ளரின் அடியில் ஆணியால் மூன்று புள்ளி குத்தியிருக்கும். அதைத் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைப்பாள். ஏன் என்று அவள் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வாய்க்கு வீட்டு வாசலில் பூட்டு விழுந்துவிடும்.

அவருக்குள்ளும் ஒரு முள் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சியில் ஒரு படப் புத்தகம் கொடுத்தார்கள். அதில் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரர்களின் கையும் முதுகும். படை என்றால் ரோஜா நிறத்தில் பளிச்சென்று இருந்தது. அதை மனப்பாடம் செய்துகொண்டு போனவர், முதல் வருஷம் முழுக்க நம் ஊர்த் தோலில் சிவப்பைத் தேடினார். கருத்த தோலில் சிவப்பு சிவப்பாக வராது. செம்பு நிறத்தில் வரும், இல்லை இன்னும் கருக்கும், இல்லை சுற்றியிருப்பதைவிட ஒரு சாயல் வெளுத்து, தேமல் மாதிரி சாதுவாக உட்கார்ந்திருக்கும். வேங்கிக்கால் கொத்தனார் முருகையனின் முழங்கைப் படையை இவர் தேமல் என்று எழுதி அனுப்பிவிட்டார். மூன்று வருஷம் கழித்து முருகையன் திரும்பி வந்தபோது, கரண்டி பிடிக்க மடங்கின அவர் விரல்கள் திரும்ப நிமிரவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பரசுராமன் அழுதார்.

அதற்குப் பிறகு அவர் கண்ணுக்குத் தப்பியது குறைவு.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் வைகாசியில், மகன் புகழேந்திக்குப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போனார்கள். பையன் கலெக்டர் ஆபீசில் கிளார்க். பெண் வேதா, ஆசிரியர் பயிற்சி முடித்தவள். அப்பா அப்பாதுரைக்கு நெல்லும், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற நிலக்கடலையும் விளைகிற நிலம் இருந்தது. ஜாதகம் பொருந்திவிட்டது. ராஜம்மாளுக்கு ஒரே குறை, பெண் கருப்பாம். "கருப்பே அழகு, காந்தலே ருசி" என்று தரகர் சொன்னபோது, ருசி பார்க்கப் போவது நாங்கள்தானே என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பெண் வீட்டாருக்கும் அந்தக் கவலை இருந்திருக்க வேண்டும். முகத்துக்கு மட்டுமா, கழுத்து, கை, முழங்கை வரை பவுடர் பூசித்தான் வேதாவை வெளியே அனுப்பினார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மத்தியானம் மூன்று மணி, வைகாசி வெயில், ஃபேன் நின்றுபோன கூடம். ஐந்து நிமிஷத்தில் எல்லோருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேதாவின் பவுடரும் வேர்வையில் கோடு கோடாகக் கரைந்து இறங்கியது. ராஜம்மாள் அதைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். மகன் பெண்ணின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிடித்துப்போயிற்று என்று பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும்.

பரசுராமன் வழக்கம்போலக் கையைப் பார்த்தார். காப்பித் தட்டை நீட்டிய இடது கை முழுக்க ஈரம். முழங்கைக்குக் கீழே, வெளிப்பக்கம், ஒரு வெற்றிலை அகலத்துக்கு மட்டும் பவுடர் பூசினபடியே உலர்ந்து கிடந்தது. ஒரு துளி வேர்வை இல்லை. சுற்றிலும் நனைந்த கையில் அந்த ஒரு இடம் மட்டும் வறண்டிருந்தது. உணர்ச்சி செத்த படையில்தான் வேர்வை வராது என்று அவருக்குத் தெரியும். காப்பியை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். அந்தக் கூடத்தில் எல்லோரும் அவள் நிறத்தைப் பார்த்தார்கள். தோலைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

கிணற்றடியில் காற்று வரும், போய் நிற்கலாம் என்று அப்பாதுரையைக் கூப்பிட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். மனுஷன் ஒருவழியாகச் சொத்து விசாரிக்கக் கற்றுக்கொண்டார் என்று ராஜம்மாளுக்குச் சந்தோஷம். கிணற்றடியில் அவர் தன் உத்தியோகத்தின் முழுப் பெயரையும் அப்பாதுரையிடம் சொன்னார். பெண்ணையும் அவள் அம்மாவையும் கொஞ்சம் வரச் சொல்லுங்கள் என்றார். அப்பாதுரையின் முகம் செத்துவிட்டது.

வேதா கையைக் கழுவியதும் படை தெரிந்தது. லேசாக வெளுத்திருந்தது, ஓரம் செம்பு நிறம், ரோமம் இல்லை, நடுவில் மஞ்சள் கறை. பூவரசங்காயைக் கல்லில் உரைத்து ஒன்றரை வருஷமாகத் தடவுவதாக அம்மா சொன்னாள். அந்த மஞ்சள், நிறம் மாறினதையும் சேர்த்து மறைத்துவிட்டது. டவுனில் ஒரு டாக்டரிடமும் காட்டினார்களாம். கெட்ட படையாக இருந்தால் சிவந்திருக்கும், இது தேமல்தான் என்று அவர் களிம்பு எழுதிக் கொடுத்தாராம். பரசுராமன் அந்த டாக்டரைக் குறை சொல்லவில்லை. அவரும் அதே படப் புத்தகத்தைப் படித்தவராக இருக்கும்.

சாமி விளக்குத் திரியிலிருந்து கொஞ்சம் பஞ்சு வாங்கி, நுனியை முறுக்கினார். பஞ்சு பட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று ஒரு முறை செய்து காட்டி, வேதாவைக் கண்ணை மூடச் சொன்னார். மணிக்கட்டில் தொட்டார். சரியாகக் காட்டினாள். தோளுக்குக் கீழே தொட்டார். காட்டினாள். பிறகு படையின் நடுவில் தொட்டார். மறுபடி தொட்டார். மூன்றாவது முறை பஞ்சை அழுத்தியே வைத்தார். வேதா கண்ணை மூடிக்கொண்டு, விரலைத் தயாராக நீட்டியபடி காத்திருந்தாள்.

"இன்னும் தொடலீங்களா சார்?"

அவள் அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

பரசுராமன் ஆயிரம் பேருக்குச் சொன்னதை அவர்களுக்கும் சொன்னார். இது கிருமியால் வருகிற நோய், பாவத்தால் இல்லை. ஒரே படை, விரல்களில் பலம் குறையவில்லை, நல்ல நேரத்தில் பார்த்தாயிற்று. தொழுநோய் யூனிட் டாக்டர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மாதம் ஒரு முறை அவர் எதிரில் முழுங்க வேண்டிய மாத்திரை, தினமும் வீட்டில் ஒன்று, ஆறே மாதம். மாத்திரை ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் பரவாது. குணமானதும் படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு. இதையே ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

அப்பாதுரை கையெடுத்துக் கும்பிட்டார். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிப் போய்விடுங்கள், விஷயம் மட்டும் வெளியே வர வேண்டாம் என்று கெஞ்சினார். வேதா அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆயிரம் பேருக்குச் சொன்னீங்களே சார், உங்க வீட்டுக்குன்னு வந்தாலும் இதே பேச்சுதானுங்களா?"

இருபத்தொரு வருஷத்தில் இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. அவருக்குச் சுருக்கென்றது.

"மாத்திரை நாளைக்கே ஆரம்பிக்கணும்மா. அது வேற, இது வேற. இதுக்குப் பதில் என் ஒருத்தன் வாயில இல்ல. உன் விஷயம், நீ சொன்னாத்தான் நான் வீட்ல சொல்ல முடியும்."

"சொல்லுங்க. மறைச்சு வந்து எனக்கு ஒண்ணும் ஆகவேணாம்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். ஆறு மாதத்தில் நிஜமாகவே சரியாகுமா என்று புகழேந்தி ஒரே ஒரு முறை கேட்டான். ஆகும் என்றார். அப்படியானால் காத்திருப்பதாகவும், அம்மா சம்மதித்தால் போதும் என்றும் சொல்லி எழுந்து போனான். ராஜம்மாள் முடியாது என்றாள். பரசுராமன் கிருமி, மாத்திரை, ஆறு மாதம் என்று மறுபடி ஆரம்பித்தார். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய், அந்த டம்ளரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இருபது வருஷமா இதுலதான குடிக்கிறீங்க. ஒட்டாதுன்னா, இது எதுக்குடின்னு ஒரு நாளாவது என்னக் கேட்டிருப்பீங்க இல்ல? நீங்களே நம்பாதத நான் எப்பிடி நம்புறது?"

சண்டைக்குப் பயந்து அவர் வாய் மூடியிருந்ததை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள், அதில் அவள் தப்பு என்ன இருக்கிறது? "கேக்காதது என் தப்புதான்" என்றார். அடுத்த மாதம் மாத்திரை கொடுக்கப் போகும்போது கூட வந்து ஒரு முறை பார், வேறு எதுவும் கேட்கவில்லை என்றார். ஆனியில் அவள் போகவில்லை. ஆடியிலும் போகவில்லை. ஆவணியில், மல்லாட்டை வாங்க வேண்டும் என்று ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினாள்.

கிணற்றடியில் வைத்து வேதாவிடம் மாத்திரையைக் கொடுத்தார். அவள் கிணற்றுச் சுவரின் மேல் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு டம்ளரை எடுத்து, தண்ணீர் மொண்டு முழுங்கினாள். கழுவி, திரும்ப அங்கேயே கவிழ்த்தாள். அடுக்களைக்குள் கொண்டுபோகவில்லை. ராஜம்மாள் அந்த டம்ளரைப் பார்த்தாள். பிறகு வேதாவின் அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்மா, பெத்த பொண்ணுக்கு எதுக்குத் தனி டம்ளரு? ஒட்டாதுன்னு இவரு சொல்றாரு இல்ல?"

சொன்ன பிறகுதான் தன் குரலே அவள் காதில் விழுந்தது. பரசுராமன் பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். வேதாவின் அம்மா அழ ஆரம்பித்தாள். ராஜம்மாள் மல்லாட்டை வாங்க மறந்தே திரும்பி பஸ் ஏறினாள்.

ஐப்பசியில் மாத்திரை முடிந்தது. படை ஏறக்குறைய மற்ற இடத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரங்களில் வேர்வை துளிர்த்தது. நடுவில் உணர்ச்சி இன்னும் மந்தம்தான், அது அப்படியே நின்றாலும் நிற்கும், சூடான பாத்திரம் பிடிக்கும்போது கவனம் வேண்டும், நோய் போய்விட்டது என்று யூனிட் டாக்டர் சொன்னார். தீபத் திருவிழா முடிந்ததும் ராஜம்மாளே பூ வாங்கிக்கொண்டு போய் வேதாவின் தலையில் வைத்துவிட்டு வந்தாள். தையில் கல்யாணம். பவுடர் கம்மியாகப் பூசினால் போதும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் காலையில் வேதா அடுக்களையில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பரசுராமன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் நின்றது.

"இதுல மட்டும் மூணு புள்ளி குத்தியிருக்குதே, யாருதுங்க அத்தை?"

பேப்பர் அவர் கையில் அசையாமல் நின்றது. என்ன சொல்லித் தடுப்பது என்று தெரியாமல் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் ராஜம்மாள் பதில் சொல்லிவிட்டாள்.

"என்னுதும்மா. கொண்டா இப்பிடி."

வாங்கி, கொதிக்கிற காப்பியை அதில் ஊற்றிக்கொண்டு, கூடத்துக்கு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், உதட்டை வைத்து, ஒரு சொட்டு மீதமில்லாமல் குடித்தாள்.